ஒற்றன் போட்ட பிழைகள்

முதலில் ஒரு சின்ன விஷயம். எழுதிக் கொடுக்கச் சொல்லி நீங்கள் தந்த படிவத்தின் தலைப்பில் 'வாக்கு மூலம்' என்று இரண்டாகப் பிரித்து அச்சாகியிருக்கிறது. வாக்குமூலம் ஒரே சொல். பிரித்துப் போட்டால் ஓட்டுப் போட்டு முடிவு செய்தது என்று பொருள் வந்துவிடும். அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது யாரிடமாவது சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். கண் தானாகப் போய் அங்கே நின்றுவிடுகிறது.

பாடப்புத்தகம் அடிக்கும் அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்துகிறவன். ஓர் எழுத்து பிசகினால் லட்சம் பிள்ளைகள் அதையே சரியென்று படித்துவிடுவார்கள். அதனால் எந்த இடத்தில் ஒற்று மிகும், எந்த இடத்தில் மிகாது என்று எல்லோருடைய உயிரையும் வாங்குவேன். அச்சகத்தில் எனக்கு 'ஒற்றன்' என்றே பெயர். "ஒற்றன் வர்றாரு, பேப்பரை மூடுங்கப்பா" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வேவு பார்க்கிறவன் என்ற பொருளும் உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து சிரிப்போம். நீங்கள் அதைப் புகாரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு விவரமாகச் சேர்த்திருப்பதைப் பார்த்தேன். அது வெறும் கேலிப் பெயர்தான்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. நீட்டி முழக்காமல் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

என் மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். ர, ற இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். ல, ள, ழ மூன்றில் எது கைக்கு முதலில் வருகிறதோ அதைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். கல்யாணமான புதிதில் அவள் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை நான் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். ஒரு முறை 'இங்கே ரொம்பக் குளிர்' என்பதைக் 'குலிர்' என்று எழுதியிருந்தாள். உட்கார வைத்து நூறு தடவை எழுத வைத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை, எழுதினாள். நாளடைவில் கடிதம் எழுதுவதையே விட்டுவிட்டாள். வேலை அதிகமாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே மகள். அவளுக்குப் பதினேழு வயது இருக்கும்போது, அவளுடைய வேதியியல் புத்தகத்துக்குள் ஒரு பையனுக்கு எழுதி வைத்திருந்த கடிதம் கிடைத்தது. மற்ற அப்பாக்கள் என்ன செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கடிதத்தில் இருந்த ஏழு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, எடுத்த பக்கத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அப்பா என்னை நாலு அடி அடிச்சிருந்தாக்கூட பரவாயில்லைம்மா" என்று சமையலறையில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் அர்த்தம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு படித்தாள், வேலை கிடைத்தது, விமானத்தில் பதினோரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஓர் ஊருக்குப் போய்விட்டாள். ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்கள் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. என்னோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பேச்சு தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடுமுறையில் வந்து, என் மனைவியின் தங்கை வீட்டில் தங்கினாள். அம்மாவுக்கு ஒரு புது போன் வாங்கி வந்திருந்தாள். நான் அச்சகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் எனக்குக் கண் வலி, மத்தியானமே வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சு கேட்டது. கழற்றிய இடத்திலேயே நின்றேன்.

"இது சீல் வச்ச கவர் மாதிரிம்மா. நீ ஒட்டி அனுப்பினா நான் மட்டும்தான் பிரிக்க முடியும். நடுவுல கம்பெனிக்காரன் நினைச்சாலும் படிக்க முடியாது."

"உங்கப்பா?"

"அப்பாவாலயும்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவி அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அது வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை, வலித்தது.

"இப்ப ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆறு வார்த்தை யோசி. அதுதான் சாவி. நீ எப்பவும் எழுதுற மாதிரியே எழுது, தப்பா இருந்தா இன்னும் நல்லது. அகராதியில இருக்கிற வார்த்தைன்னா மிஷின் சுலபமாக் கண்டுபிடிச்சிடும்."

"தப்பாத்தானே எழுதணும்? அதுல நான் முதல் மார்க் வாங்குவேனே!"

மறுபடியும் சிரிப்பு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்தேன்.

அந்த மாதிரிப் பூட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மேல்நிலை வகுப்புக் கணினிப் புத்தகத்தில் 'மறையாக்கம்' என்ற பாடத்தை மூன்று பதிப்புக்கு நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். கணக்கு கச்சிதமானது. அவர்களும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். மகள் ஊர் திரும்பியதும் இரண்டு பேரும் அவரவர் போனில் வரும் அறுபது இலக்கங்களைப் படித்து ஒத்துப் பார்த்தார்கள். நடுவில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள அப்படி ஒரு முறை. என் மனைவி வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஐந்தைந்தாகச் சொல்வது கூடம் வரைக்கும் கேட்டது. போட்ட செய்தி ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். பத்துத் தடவை சாவியைத் தப்பாகப் போட்டால் போனில் இருப்பது மொத்தமும் போய்விடும். மகளின் புது எண் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, சித்திக்குக்கூட. சித்திக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ஊருக்குத் தெரிந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே பூட்டில் குறை என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். அதற்கு இரண்டு முனை. நடுவில் யாரும் நுழைய முடியாது, நானும் நுழையவில்லை. ஒரு முனையில் போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாடியில் துணி காயப்போடும்போது அவள் விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் முழுதாகப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஒன்பது நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாளே டாக்டர் கேட்டார்.

"பிள்ளைங்க எங்க இருக்காங்க?"

"ஒரே பொண்ணு. வெளியூர்."

"வரச் சொல்லிடுங்க. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க."

சரி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மகளின் எண் அந்த போனில் மட்டும்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்தால் அது திறக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். உணர்ச்சி இல்லாத அந்த வலது கையை எடுத்து, கட்டைவிரலைத் துடைத்து வைத்தேன். திறந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. 'அம்மாவுக்குப் பக்கவாதம். உடனே புறப்பட்டு வா. அப்பா' என்று எழுதியும் விட்டேன். அனுப்புவதற்கு முன் கண் மேலே போனது. ஒரு வாரத்துச் செய்திகள் இன்னும் அழியாமல் இருந்தன. பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மேலே போய் முதலிலிருந்து படித்தேன்.

அடுத்த மாதம் அவள் மகளிடம் போவதாக இருந்தது. பார்த்துவிட்டு வருவதற்கல்ல. விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு கைப்பையோடு கிளம்ப வேண்டும் என்பதுவரை பேசியிருந்தார்கள். 'அவறுக்கு சொல்லாம வறது பாவம்தான்' என்று எழுதியிருந்தாள். 'ஆனா சொன்னா வற முடியாது. இந்த வீட்ல மூச்சு விட்டாக்கூட திறுத்துவாறு.' அந்த நாலு வரியில் ஆறு பிழை. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முப்பத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள். அவள் சமைத்ததை ஒரு நாளாவது தட்டிவிட்டு எழுந்திருக்கிறேனா? குடி உண்டா, வேறு ஏதாவது கெட்ட சகவாசம் உண்டா? மருத்துவமனை நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்தேன். பிறகு, எழுதி வைத்திருந்ததை அழித்தேன். அவள் எழுதுகிற மாதிரி எழுதினேன். 'கொஞ்ச நால் போகட்டும் கண்ணு. இப்ப கிலம்ப மனசு இல்ல.' அனுப்பினேன்.

என் கோபம் ஆறும் வரை இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் ஆறியிருக்கலாம். அதற்குள் மகளின் பதில் வந்துவிட்டது. 'ஏம்மா? அவர் ஏதாவது சொன்னாரா? பயப்படாத. நான் இருக்கேன்.' அவர் என்ன மிருகமா, அவரைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும் என்று அம்மா கேட்கிற மாதிரி அதற்கு ஒரு பதில் எழுத வேண்டியதாயிற்று. அதற்கு அவளிடமிருந்து இன்னொன்று வந்தது.

நாலாம் நாள் போன் விரலை ஏற்கவில்லை. இடையிடையே சாவியையும் கேட்குமாம். ஆறு சொற்கள். அவை எனக்குத் தெரியும். என் மனைவிக்கு எதை எழுதினாலும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதும் பழக்கம். இரண்டு வருஷமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டிருக்கிறேன். குளிர், ஏணி, பழுப்பு, சுவர், கிணறு, பொத்தான். சரியான எழுத்தில் போட்டேன். திறக்கவில்லை. திறக்காது என்று தெரிந்தேதான் போட்டேன், நாமே தப்பாக ஆரம்பிக்க வேண்டாமே என்று.

பிறகு ஒரு மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் ஆறு சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றிலும் அவள் என்ன பிழை விடுவாள் என்று குறித்தேன். இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. ஏணியை ஏனி என்பாள். பழுப்பு, பளுப்பு. சுவரில் ஆணி அடிக்கச் சொன்னாலும் சுவறு. கிணறு வரும்போது மட்டும், எல்லாவற்றுக்கும் போடுகிற ற-வைச் சரியாகக் கைவிட்டுவிட்டுக் கிணரு என்பாள். பொத்தாண். குலிர். போட்டேன், திறக்கவில்லை. கினரு என்று மாற்றினேன். பலுப்பு என்று மாற்றினேன். எட்டுத் தடவை ஆகிவிட்டது. இன்னும் இரண்டுதான் மிச்சம்.

ஒரு காலைப்பொழுது முழுவதும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாச் சொல்லிலும் பிழை இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் என் பிழை என்று அப்புறம் உறைத்தது. ஒரு சொல்லை அவளுக்குத் தப்பாக எழுதத் தெரியாது. நூறு தடவை எழுதிய கை அது. ஒன்பதாவது முறை 'குளிர்' என்று சரியாகப் போட்டு, மீதி ஐந்தையும் அவள் வழியிலேயே விட்டேன். திறந்துகொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்மா. முப்பத்தாறு வருஷத்தில் என்னிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதைப் போய் அவளுடைய ரகசியத்தில் முதல் சொல்லாக வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அப்போதாவது மகளுக்குச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அவளை நான் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. நீண்ட விடுப்புப் போட்டேன். குளிப்பாட்டினேன், ஸ்பூனில் ஊட்டினேன், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தேன். தினமும் உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "இந்த மாதிரி பாத்துக்கிற ஆம்பளைய நான் பாத்ததில்லை சார்" என்று அவள்தான் சொன்னாள். "பொண்ணு எப்ப வராங்க?" என்றும் கேட்பாள். "லீவு கிடைக்கலையாம்" என்பேன். அதை என் மனைவி படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆமாம், அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மகளுக்கு எல்லாம் சொல்லியாயிற்று, வேலை நெருக்கடியாம், ஒழிந்ததும் வருகிறேன் என்றாளாம் என்று. பரிச்சயமான குரலில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பேச்சு திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் சாயங்காலம் மகளின் செய்திகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியே அல்ல. 'உன்னைப் பார்க்கணும் போல இருக்கு', 'நான் வேணா டிக்கெட் போட்டு வரட்டுமா' மாதிரியான வரிகளை எடுத்துவிட்டுப் படித்தேன். மெய்ப்பில் வேண்டாத வரியை நீக்க ஒரு குறி உண்டு, சுழித்துவிட்டால் போதும், வரி போய்விடும். மீதியில் அவள் ஆபீஸ் கதை, பஸ்ஸைத் தவறவிட்ட கதை, புதுக் குடை வாங்கிய கதை. கேட்கிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் குடையைப் பற்றி எழுதுகிற பெண். இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வழியும். துடைத்துவிடுவேன்.

மகளுக்குப் பதில் எழுதுவது லேசான காரியமில்லை. பிழையோடு எழுத என் கை வராது. முதலில் தாளில் ஒழுங்காக எழுதிக்கொள்வேன், பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, திருத்துகிற மாதிரியே ஒவ்வொரு சொல்லாகப் பிழையாக்குவேன். அதை ஒரு முறை ஒத்துப் பார்த்துவிட்டு போனில் ஏற்றுவேன். கண்டபடி பிழை விட்டால் மாட்டிக்கொள்வோம், அவள் விடும் பிழைகளை மட்டுமே விட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். பேசணும்மா, போன் பண்ணட்டுமா என்று மகள் கேட்டபோது, தொண்டையில் வீக்கம், இரண்டு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதினேன். அது பாதி உண்மை. நீங்கள் கைப்பற்றிய நீல நோட்டில் எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. ஏழு நாளில் அழிந்துவிடுமே என்று நகல் எடுத்து வைத்தேன்.

நாற்பத்தேழாம் நாள் மத்தியானம், புரட்டிப் படுக்க வைக்கும்போது, என் மனைவி இறந்துபோனாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். மகளைக் கேட்டார்கள். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, லீவும் கிடைக்கவில்லை என்றேன். அவளுடைய தங்கைதான் ஆடித் தீர்த்துவிட்டாள். "பெத்த தாய் செத்ததுக்கு லீவு குடுக்காத வேலை என்ன வேலை மாமா அது? நீங்க ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசுறீங்க?" என்றாள். "விடும்மா, அவ பாவம்" என்றேன். அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவில் என் மகளை விட்டுக்கொடுக்காமல் பேசிய ஒரே ஆள் நான்தான். எல்லாம் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது போன் மினுங்கியது. 'அம்மா சாப்ட்டியா?' என்று கேட்டிருந்தாள். 'சாப்ட்டேன் கண்ணு' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகும் ஏன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளை, திடீரென்று கேட்டால் ஒடிந்துபோவாள், பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதோடு இன்னொன்றும் உண்டு. அவள் பேசிக்கொண்டிருந்தாள். லிஃப்டில் தனியாகப் போக அவளுக்குப் பயம் என்று எனக்குத் தெரியாது. நின்றுகொண்டே சாப்பிடுகிறாள் என்று தெரியாது. ஒருவனை மூன்று வருஷமாக நம்பி, அவன் கைவிட்டுப் போய்விட்டான் என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னாள். நான் பதில் சொன்னேன், நல்ல பதிலாகத்தான் சொன்னேன். 'நீ இப்பல்லாம் எவ்வளவு நல்லாப் பேசுறம்மா' என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். அதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அவள் பிறந்து முப்பத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று. சித்திக்குக் கோபம் அடங்கவில்லை. யார் யாரையோ பிடித்து, மகள் வேலை செய்யும் மருத்துவமனையின் பொது எண்ணைக் கண்டுபிடித்து, இன்னார் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று அடம்பிடித்து லைனில் வர வைத்துவிட்டாள். "உங்கம்மா செத்து இருபது நாள் ஆகப் போகுது, உன் மனசு என்ன கல்லா?" என்றாளாம். மகள் சிரித்தாளாம். "என்ன சித்தி உளர்றீங்க? அம்மா காலையிலதான் எனக்கு மெசேஜ் போட்டாங்க" என்றாளாம். சித்திதான் இதை எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு என் வீட்டு வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மகள் மூன்றாம் நாள் வந்து இறங்கினாள். சித்தி வீட்டில்தான் இருக்கிறாள், என்னை வந்து பார்க்கவில்லை. உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவின் போனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். 'அப்பா, இதை நீங்கதான் படிப்பீங்கன்னு தெரியும். வேற எதுவும் கேக்கல. கடைசில அம்மா என்னைக் கேட்டாங்களா?' அவ்வளவுதான். இது நோட்டில் இருக்காது. அதை நான் நகல் எடுக்கவில்லை.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு, 'இல்லை. அவளுக்கு நினைவே தப்பிவிட்டது. யாரையும் தேடவில்லை. நிம்மதியாகப் போனாள்' என்று எழுதினேன். என் எழுத்தில், என் பெயரில், என் மகளுக்கு ஆறு வருஷத்தில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். ஏழு நாளில் அதுவும் அழிந்துவிட்டது. அவளிடமும் இருக்காது, என்னிடமும் இல்லை. உங்கள் ஆட்கள் எந்த இயந்திரத்தை வைத்துத் தோண்டினாலும் கிடைக்காது. ஆகையால் நானாகச் சொன்னால்தான் உண்டு. சொல்கிறேன்.

என் மனைவிக்குக் கடைசி நிமிஷம் வரை நினைவு தெளிவாக இருந்தது. முப்பத்தோராம் நாள், பயிற்சி கொடுக்கிற பெண் அவளுடைய இடது கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போனாள், விரல் மடங்கிப் பழகட்டும் என்று. ஒரு மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தை நான்தான் அட்டையில் செருகி வைத்துக் கொடுத்தேன். காலை பூராவும் கிறுக்கினாள். பென்சில் விழும், எடுத்துக் கொடுப்பேன், மறுபடி கிறுக்குவாள். பதினோரு மணி சுமாருக்குத் தாளை என் பக்கமாகத் தள்ளினாள். வரி வளைந்து கீழே போயிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. 'மகள வறச் சொல்லுங்க.'

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. அன்றைய பதிலை எழுதுவதற்காக வைத்திருந்தேன். அதை எடுத்து, மகளை, வரச், சொல்லுங்கள் என்று மூன்று இடத்தில் திருத்தித் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. யோசித்துச் செய்ததில்லை, அம்மா. கை செய்துவிட்டது.

அவள் ரொம்ப நேரம் தாளைப் பார்த்தாள். பிறகு வேறு தாள் வேண்டும் என்று கண்ணால் காட்டினாள். கொடுத்தேன். மறுபடியும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். சாப்பாடு ஆறிப்போயிற்று, வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று மணிக்கு முடித்தாள். இரண்டாவது தாளில் ஒரு பிழை இல்லை. ஒழுங்காக எழுதினால் நான் அனுப்பிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்றேன். இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அதற்கப்புறம் பதினாறு நாள் இருந்தாள். கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள், போட்டேன். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கப் பார்ப்பாள்.

இரண்டு தாள்களையும் இதோடு இணைத்திருக்கிறேன். என் மனைவி மகளைக் கேட்டாள், தினமும் கேட்டாள், நான் வர விடவில்லை. இது நானாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுப்பது. படித்துப் பார்த்துவிட்டேன், பிழை எதுவும் இல்லை. நீங்கள் எந்தத் தண்டனை வாங்கிக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கடைசிப் பக்கத்தையும் அந்த இரண்டு தாள்களையும் என் மகள் கண்ணில் காட்ட வேண்டாம், எடுத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அவள் தாங்க மாட்டாள். அவளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது பெற்றவன் எனக்குத் தெரியும்.